பூளை கட்டிய லாரிகள்

தை முதல் தேதி காலையில் கல்லாங்காட்டுவலசிலிருந்து புறப்பட்ட நாட்ராயனின் பதினான்கு தண்ணீர் லாரிகளும் ஊர் எல்லைக் கல் வரைக்கும் நிறைமாதக்காரியைப் போல ஆடி அசைந்து போயின. கல்லைத் தாண்டிய நொடியில் பதினான்கும் காலியாயின. ஒரு சொட்டு சிந்தவில்லை, ஒரு குழாய் உடையவில்லை, ரோட்டில் ஈரம் இல்லை. வண்டி லேசாகி ஓடியது மட்டும்தான் டிரைவர்களுக்குத் தெரிந்தது. பொங்கலும் அதுவுமாகச் சாமியே பின்னாலிருந்து தள்ளுகிறது போலிருக்கிறது என்று ஆரன் அடித்துக்கொண்டே டவுனுக்குப் போய்ச் சேர்ந்து, ஓட்டல்காரரும் லாட்ஜ்காரரும் பார்த்துக்கொண்டு நிற்க வால்வைத் திறந்தார்கள். காற்றுதான் வந்தது.

திட்டு வாங்கிக்கொண்டு திரும்பியவர்களில் முதல் ஆள் சிவன்மலை. எல்லைக் கல்லைத் தாண்டி அவன் ஊருக்குள் நுழைந்ததும் வண்டி தம் கட்டியது, சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கின, மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஏழு தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்து முழுசாக இழுத்து முடித்துவிட்டு நாட்ராயனிடம் போய், லாரி போகுதுங்க, தண்ணிதான் கூட வர மாட்டீங்குது என்று சொன்னான்.

ஒரு வாரம் வெல்டிங்காரன் வந்தான், தொட்டி செய்த கம்பெனிக்காரன் வந்தான், அடுத்த ஊர் ஜோசியன் வந்தான். அதற்குள் ஊருக்கு அது பழகிப்போயிற்று. எந்த அக்கிரமத்துக்கும் ஒரே வாரத்தில் பழகிக்கொள்கிற ஊர் அது, அதிசயத்துக்குப் பழக எத்தனை நாள் ஆகும்? கிணறுகளெல்லாம் வற்றி நாட்ராயனின் போர்வெல் தண்ணீரைத் தவிர அங்கே வேறு தண்ணீர் கிடையாது என்பதால், எல்லை தாண்டிய ஈரமெல்லாம் ஊருக்கே திரும்பிவிடுகிறது என்பதைப் பெண்கள் இரண்டாம் நாளே கண்டுகொண்டார்கள். துவைத்த துணியை டிவிஎஸ் ஃபிப்டியில் போட்டுக் கல்லைத் தாண்டி ஒரு சுற்றுப் போய்வந்தால் மொடமொடவென்று காய்ந்திருந்தது, தொட்டித் தண்ணீரைப் போல அந்த ஈரம் திரும்பி வரவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு பஸ் ஏறிய காலேஜ் பெண்களுக்குக் கல்லருகில் கூந்தல் உலர்ந்தது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன மூன்று பேருடைய கேன்கள் கல்லைத் தாண்டியதும் பாதியாகிப்போக, அவர்கள் மாட்டுக்கு வியாதி என்று சொல்லிக்கொண்டு அலைந்தார்கள். மனிதருக்குள் போன தண்ணீரை மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை, வேர்வையையும் கண்ணீரையும் அவரவர் சொந்தம் என்று விட்டுவிட்டது.

ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் தெரியும். போகிக்குக் கட்டி லாரிகளின் முகப்பில் ஆடிக்கொண்டிருந்த காப்புக்கொத்தில் இருந்த பூளைப்பூ பாவாத்தாள் வாசலில் வளர்ந்தது. அவளைக் கேட்காமல் அறுத்தது.

பாவாத்தாள் தேங்காய்க் களத்தில் வேலை செய்பவள். விடிந்ததிலிருந்து காய் உடைத்துக் கவிழ்த்துக் காயவைத்துக் கொப்பரைப் பருப்பு எடுப்பது அவள் வேலை. அவள் புருஷன் அத்தியப்பன் போர் வண்டியில் குழாய் இறக்கியவன். நாட்ராயனின் மூன்று போர்களுக்கும் குழாய் இறக்கிய ஆட்களில் அவனும் ஒருத்தன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மத்தியானத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஊரில் எந்த வீட்டிலும் குடத்தடியில் கையளவுக்கு மேல் தண்ணீர் இல்லை. ஊருக்கு விடுகிற வாரத்து லாரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. பாவாத்தாள் தலைவிரி கோலமாக ஓடிப்போய், டவுனுக்குக் கிளம்பி நின்ற லாரியை மறித்து, குளிப்பாட்ட ரெண்டு குடம் தண்ணி வேணும் என்று கேட்டாள்.

லாரிக்குப் பக்கத்தில் நாட்ராயனே நின்றிருந்தார். வாய் நிறைய வெற்றிலை. ஒருத்தருக்குத் திறந்தா ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்துரும் அம்மிணி, வண்டிக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு டிரைவருக்குக் கையைக் காட்டினார். லாரி போயிற்று. சாவு வீட்டுக்கு வந்திருந்த பதினேழு பேர் ரோட்டோரம் நின்று அதைப் பார்த்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் களத்துக்கு ஓடினாள். அன்றைக்கு உடைத்த காய்களின் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் குழியில் சேர்ந்திருந்தது. அதை நாலு குடம் மொண்டு வந்து வாசலில் கட்டிலைப் போட்டு அவனைக் குளிப்பாட்டினாள். அரை மணி நேரத்தில் எறும்பு வந்துவிட்டது. தெருக்கோடியிலிருந்து சாரை சாரையாக வந்து கட்டில் கால் வழியாக ஏறி அவன் காதிலும் கண்ணோரத்திலும் மொய்த்தது. அவள் முந்தானையால் தட்டிவிட்டுக்கொண்டே ஒப்பாரி வைத்தாள், பாடையில் வைத்தபோதும் தட்டிவிட்டாள், சுடுகாட்டுக்குப் போகிற வழியெல்லாம் எறும்பு கூடவே போனது என்று தூக்கிப் போனவர்கள் வந்து சொன்னார்கள். இதைச் சொல்கிறபோது எனக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நாட்ராயனின் முகத்துக்கு நேராக நின்று, நீங்க அன்னைக்குச் செஞ்சது அநியாயம் என்று இந்த ஊரில் யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மூன்று வருடமாக அதற்காகக் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

தேங்காய்த் தண்ணீர் புளித்து ஊறிய அந்த ஒன்றரை சென்ட் வாசலில் அதற்குப் பிறகு புல்கூட முளைக்கவில்லை. வைத்திருந்த ரோஜா கருகியது, குரோட்டன்ஸ் உதிர்ந்தது. அடுத்த ஐப்பசியில் இரண்டு தூறல் விழுந்து, கட்டில் கிடந்த இடத்தில் சரியாக நாலு பூளைச் செடி தலை காட்டியது. ரோட்டோரத்தில் யாரும் வைக்காமல் முளைக்கிற, வருடத்தில் ஒரு நாள் தவிர யாரும் திரும்பிப் பார்க்காத செடி. பாவாத்தாள் பார்த்தாள். ஆடு வாய் வைக்காமல் முள் வெட்டிப் போட்டாள், சுற்றிலும் சரளைக்கல் பரப்பினாள். தை கழிந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டால் அடித்தூரிலிருந்து புதுசாக வெடித்து வருகிறது என்று தெரிந்துகொண்டாள். பஞ்சு போல உதிர்கிற விதையைத் தேங்காய் ஓட்டுத் தொட்டியில் சேர்த்து மணலோடு கலந்து தூவினாள். மூன்றாம் வருடம் மார்கழியில் அந்த ஒன்றரை சென்டும் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது.

தண்ணீர் மட்டும் அவள் விடவில்லை. எதிர்வீட்டு ரங்காத்தாள் ஒருநாள் பாவம் பார்த்து, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றப் போனபோது பாவாத்தாள் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள். இதுக்குத் தண்ணி ஆகாதுக்கா, ஊத்துனா வேர் அழுகிப் போயிரும், செத்தவருக்கே தண்ணியில்லாத ஊர்ல இதுக்கு என்னத்துக்கு என்று அவள் போட்ட சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது. அதற்குப் பிறகு ரங்காத்தாள் அந்தப் பக்கம் சொம்பைக் கொண்டுபோகவில்லை.

போகியன்று காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாக்கி, வீட்டு இறவாரத்தில், மாட்டுக் கொட்டகையில், வண்டி வாகனத்தில், உடையவர் கையாலேயே கட்ட வேண்டும். கல்லாங்காட்டுவலசில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு, கட்டும்போது ஊருப் பொருள் ஊரெல்லைக்குள்ளயே இருக்கோணும் சாமீ என்று ஒவ்வொரு கொத்துக்கும் வாய்விட்டுச் சொல்வார்கள். களவும் கொள்ளையும் இருந்த காலத்தில் ஆரம்பித்தது. பூளை முளைத்துக் கிடந்த புறம்போக்கு முழுவதையும் லாரி நிறுத்துவதற்காக ஜேசிபி விட்டு நிரவியிருந்த நாட்ராயனுக்கு அந்த வருடம் ஊரில் எங்கே தேடியும் பூளை கிடைக்கவில்லை. பாவாத்தாள் களத்துக்குப் போயிருந்த நேரத்தில் அரிவாளோடு வந்து அத்தனையையும் அறுத்துக்கொண்டு போனார். ரங்காத்தாள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அறுத்ததைப் பதினான்கு லாரிகளிலும் தம் கையாலேயே கட்டி, அப்பனும் பாட்டனும் சொன்ன அதே வார்த்தையைப் பதினான்கு தடவை, யோசிக்காமல், சத்தமாகச் சொன்னார். நாக்கில் பழகிப்போன வார்த்தையை யார் யோசித்துச் சொல்கிறார்கள்?

கொத்தை அவிழ்த்துப் பார்த்தார், எரித்துப் பார்த்தார். தண்ணீர் கல்லைத் தாண்டவில்லை. கடைசியில் கோயில் பூசாரி, பூவை வளர்த்தவள் எவளோ அவள் வாயால் போகட்டும் என்று சொன்னால்தான் விடும் என்றார். அன்றைக்கே நாட்ராயன் ஊருக்கு விடுகிற வாரத்து லாரியை நிறுத்தினார். என்ற தண்ணி விக்கிற வரைக்கும் உங்களுக்கும் கிடையாது, அவகிட்டப் போய்க் கேளுங்க என்றார். நிறுத்தியவர் மேல்தானே கோபம் வர வேண்டும்? ஊருக்குப் பாவாத்தாள் மேல் வந்தது. இரண்டு மைல் தள்ளிப் பக்கத்து ஊர்க் குழாயில் வரிசையில் நின்று குடம் சுமந்தவர்கள், சுமந்த ஒவ்வொரு குடத்துக்கும் அவளைத் திட்டினார்கள். சிவன்மலை வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து அவள் வீட்டை முறைத்தான். களத்தில் அவள் உட்கார்ந்த பக்கம் யாரும் உட்காரவில்லை.

மாசி பிறந்து ஒரு காலையில் ஊரே அவள் வாசலில் வந்து நின்றது. முன்னால் நாட்ராயன். யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும், இரண்டு தோளிலும் இரண்டு குடம் தண்ணீரை அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. குடங்களை அவள் காலடியில் வைத்தார்.

"இந்தா அம்மிணி, கேட்ட தண்ணி. ஒரு வார்த்தை சொல்லீரு, போகட்டும்."

பாவாத்தாள் குடத்தைப் பார்க்கவில்லை.

"செத்தவருக்கு மூணு வருசம் கழிச்சுத் தண்ணி எதுக்குங்க? என்னைய வார்த்தை சொல்லச் சொல்றீங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க. அன்னைக்குக் குடுக்காதது தப்புன்னு சொல்லுங்க."

நாட்ராயன் சிரித்தார். "என்ற போரு, என்ற தண்ணி. குடுக்கறதும் குடுக்காததும் என்ற இஷ்டம். அதுல என்ன தப்பு?"

அவள் அவரை விட்டுவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குரல் ஏறவில்லை, அதுதான் எல்லாரையும் கூசவைத்தது.

"இவரு இல்லைன்னு சொன்னாரு. இவரு எப்பவும் அப்படித்தான். நீங்க பதினேழு பேரு அங்க நின்னீங்க. குடுங்கன்னு ஒருத்தர் வாய்லயும் வரலை. எனக்கு இவரு மேல இருக்கறதை விட உங்க மேலதான் ஆத்திரம்."

தலைகள் குனிந்தன. ரங்காத்தாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பூசாரி இருமினார். பாவாத்தாள் இரண்டு குடத்தையும் தூக்கித் தெருச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் லாரிகள் வந்தன. அறுத்த அடித்தூர்களில் புதுத் தளிர் வெடித்து ஒரு முழம் வளர்ந்திருந்தது. இந்தச் செடிக்குத் தண்ணீர் ஆகாது என்று அவள் ரங்காத்தாளிடம் போட்ட சத்தத்தை நாலு வீடு தள்ளிக் கேட்டவர்களில் யாரோ நாட்ராயனின் காதில் போட்டிருந்தார்கள். அறுத்தால் மறுபடி வெடிக்கிறது, வேர் அழுகினால் கட்டு விட்டுப்போகும் என்று அவர் கணக்குப் போட்டார். முதல் லாரியின் குழாயை வாசலில் போட்டுத் திறந்துவிட்டார்கள். அது காலியானதும் அடுத்தது, அது காலியானதும் அடுத்தது. மூன்று நாள் அந்த ஒன்றரை சென்டில் தண்ணீர் தேங்கி நின்று, வழிந்து, தெருவில் இறங்கி, இருபத்திரண்டு வீட்டு வாசலையும் நனைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, லாரி நிறுத்துகிற இடம் வரைக்கும் ஓடியது. இரண்டு மைல் நடந்து குடம் சுமந்து வந்த பெண்கள் அந்தத் தண்ணீரில் கால் வைத்துத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு பிணத்தைக் குளிப்பாட்ட இல்லாத தண்ணீர், ஒரு செடியைச் சாகடிக்கப் பதினான்கு லாரி இருந்தது. அவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் எந்த வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பாவாத்தாள் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். தடுக்கவில்லை, கத்தவில்லை. அத்தியப்பன் கடைசியாகக் கிடந்த இடம் குளமாகிக் குழம்பாவதைப் பார்த்தாள். நாலாம் நாள் தளிர்கள் மஞ்சளாகி, தண்டு கறுத்து, தொட்டதும் வேர் கையோடு வந்தது. முறித்தால் கற்பூரம் மணக்கிற வேர், அழுகல் நாற்றம் அடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் அவள் அழுதாள். துக்கத்தில் இல்லை, யாரையும் எதுவும் செய்ய முடியாத ஆங்காரத்தில்.

சிவன்மலை லாரியை எடுத்தான். தண்ணீர் கல்லைத் தாண்டியது. நாட்ராயன் பட்டாசு வெடித்தார், எட்டு நாள் பதினான்கு லாரியும் நிற்காமல் ஓடியது. ஒன்பதாம் நாள் காலையில் கல்லருகே வண்டிகள் மறுபடி லேசாகிவிட்டன.

போகியன்று அறுத்தபோது உதிர்ந்த விதையெல்லாம் அவள் வாசலில்தான் சரளைக்கல் சந்தில் கிடந்திருக்கிறது. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, வற்றிய இடத்திலெல்லாம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. இருபத்திரண்டு வாசலிலும் பூளை முளைத்திருந்தது. சாக்கடைத் திண்டில், பள்ளிக்கூடத்துச் சுவரோரம், நாட்ராயன் நிரவிய புறம்போக்கில் லாரிச் சக்கரங்களுக்கு நடுவில், விரல் உயரத்தில், சாம்பல் பச்சையில். விதைத்தது அவர், பாய்ச்சியதும் அவர்.

அன்று காலை பத்து மணிக்கு அவர் நாலு ஆட்களோடும் மம்மட்டிகளோடும் தெருவுக்குள் வந்தார். களத்துக்குக் கிளம்பிய பாவாத்தாள் தன் வாசலில் நின்றாள். எதிர்ச்சாரியில் ரங்காத்தாள் வீட்டு முன்னால்தான் முதல் மம்மட்டி இறங்கப் போனது. ரங்காத்தாள் வந்து செடிக்கு முன்னால் நின்றாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி வந்தாள், அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி. ஏழெட்டுப் பேர் ஆனார்கள். நின்றார்களே தவிர யாரும் பேசவில்லை. நகருங்க, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான், சாயங்காலமே உங்களுக்கு லாரி விடறேன் என்றார் நாட்ராயன். ஒருத்தி பின்னால் திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

பாவாத்தாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இப்பவும் வாயைத் திறக்க மாட்டாளுக, அன்னைக்கு நின்ன மாதிரியேதான் நிக்கிறாளுக, இவளுகளுக்கு ஒரு செடி ஒரு கேடா என்று நினைத்தாள். தானே போய் இரண்டு கேட்கலாமா என்று கால் பரபரத்தது. போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

மம்மட்டிக்காரன் ரங்காத்தாளின் தோளைத் தொட்டு ஒதுக்கப் பார்த்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். நாட்ராயனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள், மூன்றாம் தடவைதான் சத்தம் வந்தது.

"அன்னைக்கு அத்தியப்பனுக்குத் தண்ணி குடுத்திருக்கோணுங்க நீங்க. குடுக்காதது பாவமுங்க. நானும் அங்கதான் நின்னேன். எனக்கும் அந்தப் பாவம் இருக்குதுங்க."

நாட்ராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் இரண்டாமவள், ஆமாங்க என்றாள். மூன்றாமவளும் சொன்னாள். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்த சிவன்மலை, அன்னைக்கு வண்டி ஓட்டுனது நாந்தானுங்க என்று யாரும் கேட்காமலே சொல்லி, சாவியை நாட்ராயனின் கையில் வைத்தான். மம்மட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மம்மட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

பாவாத்தாள் கையைப் பிரித்தாள். தெருவைக் கடந்து போய், ரங்காத்தாள் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் நின்றாள். அவள் கோபத்தில் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்தது.

"நிழல் விழுகாம தள்ளி நில்லுங்க," என்றாள் அவர்களிடம், நாட்ராயனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "செடிக்கு வெயில் வேணும்."